எக்ஸாம் தண்ணி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டினால் கோடவுன் சந்து. அதில் குடியிருந்த அன்பரசனுக்கு அந்த ஏப்ரல் மாதம் இருந்தது ஒரே ஒரு கவலைதான். மலர்க்கொடியின் வயிற்றில் இருப்பது தங்க வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் மூன்று தடவை உண்டாகி, மூன்று தடவையும் நாலாம் மாதத்துக்குள் கலைந்துபோனது. இது நாலாவது. பத்து வாரம் முடிந்திருந்தது. தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. அவன் அக்கா தனபாக்கியத்துக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரியாமல் இந்தக் குடும்பத்தில் யாரும் தும்மக்கூட முடியாது.

அன்பரசனுக்கு உத்தியோகம் ஒரு கல்லூரியில். தாவரவியல் துறையில் லேப் அட்டெண்டர். பிளஸ் டூவில் உயிரியலில் பெயிலான ஆள்தான், ஆனால் அந்த லேபில் அவனைக் கேட்காமல் ஒரு கண்ணாடிக் குச்சி அசையாது. அயோடின் சொட்டினால் நீலமாவது ஸ்டார்ச். பெனடிக்ட் கரைசலை ஊற்றிச் சூடாக்கினால் செங்கல் நிறத்துக்கு வருவது சர்க்கரை. அரளி இலையைக் குறுக்கே சீவினால் குழிக்குள் பதுங்கியிருப்பது ஸ்டோமாட்டா. எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். எப்படிச் செய்வது என்று கேட்டால் அவனைப் போல் சொல்ல ஆளில்லை. எதற்கு என்று கேட்டால் மட்டும், "அத்த மேடம் சொல்லுவாங்கோ" என்று நகர்ந்துவிடுவான். எட்டு வருஷத்தில் யாரும் அவனுக்கு அந்த 'எதற்கு'வைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அட்டெண்டருக்கு எதற்கு அதெல்லாம் என்று இரண்டு பக்கமும் ஒற்றுமையாக நினைத்துக்கொண்டார்கள். இந்த நாட்டில் இப்படிப்பட்ட ஒற்றுமைக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

அவனுடைய பெருமை வெங்காய வேர். செல் பிரிவதைக் காட்ட எல்லாக் கல்லூரியிலும் வெங்காய வேரைத்தான் எடுப்பார்கள். சின்ன வெங்காயத்தின் அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வேரை பிளேடால் சுரண்டிவிட்டு, தண்ணீர் நிரப்பிய டம்ளரின் வாயில் உட்கார வைக்க வேண்டும். அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். மூன்று நாளில் வெள்ளை வெளேரென்று வேர் இறங்கும். காலை ஒன்பதரைக்கு மேல் பத்துக்குள் நுனியை நறுக்க வேண்டும். அப்போதுதான் செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிந்துகொண்டிருக்கும். அசிட்டிக் ஆல்கஹாலில் ஒரு நாள் போட்டுவைத்து, மறுநாள் ஆசிடில் லேசாகச் சூடுகாட்டி, கார்மைன் சாயம் ஏற்றி, மேலே கண்ணாடித் துண்டை வைத்துக் கட்டை விரலால் ஒரே அமுக்கு. மைக்ராஸ்கோப்பில் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று செல் பிரியும் நாலு கட்டமும் வரிசையாக நிற்கும். வெளியூரிலிருந்து வரும் எக்ஸாமினர்கள்கூட, "ஸ்லைடு யார் போட்டது" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிப்பார்கள்.

அந்தப் பெருமைக்கு ஒரு ரகசியம் உண்டு. சனி, ஞாயிறு கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள். வெங்காயத்துக்கோ தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அதனால் வெங்காயத்தை அவன் தன் வீட்டில்தான் வளர்ப்பான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் சந்தில் இருக்கும் அடிபம்பு தண்ணீரிலேயே வைத்தான். வேர் கட்டைகட்டையாக, வளைந்து, நுனி பழுப்பாக இறங்கியது. ஸ்லைடில் ஒன்றும் ஒழுங்காகத் தெரியவில்லை. அப்போதிருந்த துறைத்தலைவர் கத்தின கத்தலில் காது அடைத்தது. அடுத்த தடவை புத்திசாலித்தனமாகக் கேன் தண்ணீரில் வைத்தான். வேர் பிரமாதமாக வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிராக்டிகல் எக்ஸாமுக்கும் துறையிலிருந்து ஒரு கேன் தண்ணீர் அவன் வீட்டுக்கு வந்துவிடும். அதன் பெயரே எக்ஸாம் தண்ணி. வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது.

வீட்டில் யாரும் என்றால் மலர்க்கொடிதான். அவள் குடித்தது லாரித் தண்ணீர். லாரி வாரத்துக்கு இரண்டு தரம் வரும், வராமலும் இருக்கும். அந்தச் சந்தில் அது தீர்ந்தால் எல்லாருக்கும் அடிபம்புதான். பம்பில் வரும் தண்ணீரின் மேல் வெயில் படும்போது கலர் கலராக ஒரு படலம் மினுங்கும், லேசாக மண்ணெண்ணெய் வாசனையும் வரும். எந்தக் குழாயிலிருந்து கசிகிறதோ, எந்தக் காலத்தில் எவன் கொட்டியதோ, கேட்கப் போனவர்களுக்குப் பதில் வந்ததில்லை. காய்ச்சினால் சரியாகிவிடும் என்று சந்தே நம்பியது. அன்பரசனும் நம்பினான். மனைவிக்குக் காய்ச்சாமல் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

இந்த வருஷம் பிராக்டிகல் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை பார்த்துக் கேன் கம்பெனிக்காரர்கள் ஸ்டிரைக். கடை கடையாக அலைந்து பார்த்தான், எங்கும் காலிக் கேன்தான் அடுக்கியிருந்தது. லாரியும் வரவில்லை. வேறு வழியில்லாமல் பம்பில் ஒரு குண்டான் பிடித்து அடுப்பில் ஏற்றினான்.

"வெங்காயத்துக்கா காச்சுற?" என்று மலர்க்கொடி சிரித்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பச்சத் தண்ணில வெச்சா வேர் கோணிகினு வரும். காச்சுனா தாவலன்னு நெனைக்கிறேன்."

"அப்பிடியே எனுக்கும் அதுலயே ஒரு சொம்பு ஊத்து. தனியா எதுக்கு கேஸ வேஸ்ட் பண்ற?"

ஊற்றினான். ஒரே குண்டானிலிருந்து பன்னிரண்டு டம்ளருக்கும் ஒரு சொம்புக்கும் ஊற்றினான். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே.

திங்கட்கிழமை காலை ஒவ்வொரு டம்ளராகத் தூக்கி வேரைப் பார்த்தான். எட்டு வருஷத்துக்கு முந்திய அதே கோணல், அதே பழுப்பு நுனி. இருந்தும் நறுக்கி ஆல்கஹாலில் போட்டான். வேறு என்ன செய்வது? செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் உஸ்மா மேடம் வந்துவிட்டாள். ராயபுரத்துப் பெண், துறைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. செல் உயிரியல் அவளுடைய பாடம். மற்றவர்கள் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போடுவார்கள், இவள் முன்கூட்டியே வந்து ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்ப்பாள். அவன் போட்ட முதல் ஸ்லைடை வைத்துப் பார்த்தவள் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாவதை வைத்தாள். மூன்றாவதை வைத்தாள்.

"அண்ணா, இங்க வந்து பாருங்க."

அவன் திட்டு வாங்கத் தயாராகப் போய்க் குனிந்தான்.

"அனாஃபேஸ்ல குரோமோசோம் ரெண்டு பாதியா ரெண்டு பக்கமும் விலகிப் போகணும் இல்லையா? இதுல பாருங்க, விலக முடியாம நடுவுல நூல் மாதிரி இழுத்துட்டு நிக்குது. இதுக்கு பிரிட்ஜ்னு பேரு. அதோ ஒரு துண்டு, எந்தப் பக்கமும் சேராம தனியா கிடக்கு. இந்த செல்லுல பெரிய நியூக்ளியஸ் பக்கத்துல குட்டியா ஒண்ணு ஒட்டிட்டு இருக்கே, அது மைக்ரோநியூக்ளியஸ். உடைஞ்சுபோன துண்டு."

"நான் ஆசிட்ல கொஞ்சம் அதிகமா உட்டேன் போல மேடம்."

"ஆசிட்ல இப்படி ஆகாது. நான் வீட்ல ரெண்டு வெங்காயம் வெச்சு நேத்தே நுனி நறுக்கிக் கொண்டு வந்து குடுத்தேனே, அதையும் நீங்கதானே போட்டீங்க? அது நல்லா இருக்கு. இது என்ன தண்ணி?"

"வூட்டுத் தண்ணி மேடம். காச்சித்தான் வெச்சேன்."

"காய்ச்சினா கிருமி சாகும். தண்ணில கரைஞ்சிருக்கிற விஷம் எல்லாமே போயிடாதுண்ணா." அவள் முகத்தில் கோபமில்லை, ஒரு பரபரப்புதான் இருந்தது. "இதுக்காகவே வெங்காய வேரை வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. தண்ணில ஜீனை உடைக்கிற சமாச்சாரம் எதாவது இருக்கான்னு வேர் நுனி காட்டிக் குடுத்துடும். வேகமாப் பிரியற இடத்துலதான் அடி முதல்ல தெரியும்." பிறகு திடீரென்று நிமிர்ந்து கேட்டாள். "இந்தத் தண்ணிய யாரும் குடிக்கிறதில்லையே?"

அன்பரசன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "இல்ல மேடம். பாத்திரம் களுவத்தான்."

பொய் சொல்பவர்கள் யோசிப்பார்கள் என்று யார் சொன்னது? வாய் தானாகச் சொல்லிவிடும், அப்புறம் ஆள்தான் அதற்குப் பின்னால் ஓட வேண்டும். அவன் டிரேயைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். பிறகு கேட்டான்.

"வேற எங்கெல்லாம் மேடம் இத்த மாரி வேகமா பிரியும்? மனுசங்களுக்கு?"

"குடல்ல, எலும்பு மஜ்ஜைல, அப்புறம் வயித்துல இருக்கிற குழந்தைக்கு முழுக்க முழுக்க அதானே வேலை." சொல்லிவிட்டு அவளே சேர்த்துக்கொண்டாள். "ஆனா வெங்காயம் வேற, மனுஷங்க வேற. இதை வெச்சு அதைச் சொல்லிட முடியாது. டாக்டர் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. நானா இருந்தா அந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேன், அவ்வளவுதான்."

அன்றைக்கு எக்ஸாமை அவள் கொண்டுவந்த வேரை வைத்தும் பழைய ஸ்லைடுகளை வைத்தும் ஒப்பேற்றினார்கள். அன்பரசன் இயந்திரம் போல வேலை செய்தான். ஒரு பையன் பெனடிக்டையும் அயோடினையும் மாற்றி ஊற்றினான், இவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

வீட்டுக்கு நடந்துதான் போனான். பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை. நடக்க நடக்க அவன் மனசு வருஷங்களை எண்ணிக்கொண்டே வந்தது. முதல் கரு அவன் வேலைக்குச் சேரும் முன்னாலேயே போய்விட்டது. அது அவன் கணக்கில் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் எக்ஸாம் தண்ணி வீட்டுக்கு வர ஆரம்பித்ததற்கு அப்புறம். அதாவது வெங்காயத்துக்கு ஆகாத தண்ணீர் என்று அவனுக்குத் தெரிந்த பிறகு. தெரியுமா, தெரியாதா? வேர் வராது என்று தெரியும். ஏன் வராது என்று தெரியாது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் எங்கேயாவது ஒளிந்துகொள்ள இடம் கிடைக்குமா என்று அவன் தேடினான். கல்மண்டபம் வரை தேடியும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டாவது தடவை மலர்க்கொடிக்கு மூன்றாம் மாதம். கத்திரி வெயில். ரேஷன் கடையில் நின்றுவிட்டு வந்தவள் மூச்சு வாங்க, மூலையில் இருந்த கேனைச் சாய்த்து ஒரு டம்ளர் பிடித்துவிட்டாள். வாயில் வைக்கப்போன டம்ளரை அவன் அவள் கையிலிருந்து பிடுங்கினான். "இது எக்ஸாம் தண்ணிடி. உனுக்கு எத்தினி வாட்டி சொல்றது?" என்று கத்திவிட்டு, டம்ளரில் இருந்ததை வெங்காயத்துக்கு ஊற்றினான். அவள் போய்ப் பானையில் மொண்டு குடித்தாள். வெங்காயத்துக்கு நல்ல தண்ணீர், பெண்டாட்டிக்குப் பம்பு தண்ணீர். உலகத்தில் எத்தனையோ முட்டாள் புருஷன்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த முட்டாள்தனத்தை ஒரு தாவரவியல் துறை அட்டெண்டரால்தான் செய்ய முடியும்.

மூன்றாவதும் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, "உன் ஒடம்புலதான் இன்னாமோ கீது" என்று அவன் சொல்லியிருந்தான். வேண்டுமென்று சொல்லவில்லை. துக்கத்தில் வந்துவிட்டது. தனபாக்கியம் பக்கத்தில் நின்று, "நான் சொல்ல வேண்டியத்த நீயே சொல்ட்ட தம்பி" என்று பாராட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது முடிந்துபோன விஷயமாகிவிட்டது. மலர்க்கொடியும் அதை மறுத்துப் பேசினதில்லை.

ஸ்டிரைக் முடிந்திருந்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கேன் வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

"எக்ஸாமுதான் முடிஞ்சிட்ச்சே, இது இன்னாத்துக்கு?" என்றாள் மலர்க்கொடி.

"உனுக்குத்தான். இனிமே இதுலதான் குடிக்கணும், சோறாக்கணும். பம்பு தண்ணி வாய்லயே வெக்கக் கூடாது."

அவள் அவனையே பார்த்தாள். கண் கலங்கியது. "இத்தினி வருசம் இல்லாத பாசம் இன்னாயா இப்ப பொத்துகினு வருது?" என்றாள் சிரித்துக்கொண்டே. அந்த இடத்தில் அவன் சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையில்லை. அந்தச் சந்தோஷம் தன்னைப் பற்றியது என்பதால்தான் கெடுக்க மனம் வரவில்லை.

மறுநாளே சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. மலர்க்கொடி புருஷன் அவளுக்குக் கேன் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறானாம். பெண்கள் தங்கள் புருஷன்களிடம் அதைச் சொல்லிக்காட்டினார்கள். ஆண்கள் டீக்கடையில், "எங்களுக்கு எதுக்கு நைனா பேஜார் குடுக்குற" என்று கிண்டலடித்தார்கள். தனபாக்கியம் புளியந்தோப்பிலிருந்து பார்க்க வந்தவள் கேனை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இதுலயாச்சும் தங்குதான்னு பாக்கலாம்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து உஸ்மா மேடம் அவனை ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு நோட்டு.

"அண்ணா, அன்னிக்குப் பாத்தது என் மனசை விட்டுப் போகல. ஒழுங்கா பண்ணிடலாம்னு இருக்கேன். உங்க தெருவுல நாலு இடத்துல பம்பு தண்ணி எடுத்துட்டு வாங்க. வெங்காயம் நான் வெக்கிறேன், ஸ்லைடு நீங்க போடுங்க. ரிசல்ட் வந்தா கலெக்டருக்கு மனு குடுக்கலாம், ரிசர்ச் பேப்பரும் எழுதலாம்."

"சரி மேடம்."

"ஆமா, கேன் தண்ணில வெக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு? முன்னாடியே வேர் சரியா வரலியா?"

இதற்கு மட்டும் உண்மையைச் சொன்னான். தொழில் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் தானாக வந்துவிட்டது. முதல் வருஷம், கோணல் வேர், பழுப்பு நுனி, துறைத்தலைவர் கத்தினது எல்லாம் சொன்னான். உஸ்மா வேக வேகமாக எழுதிக்கொண்டாள்.

"அப்படின்னா எட்டு வருஷத்துக்கு முன்னாடியே நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. பி.எச்டி. முடிச்சவங்க யாரும் கவனிக்காததை நீங்க கவனிச்சிருக்கீங்க. உங்க பேரையும் பேப்பர்ல போடுறேன். முதல் பத்தியிலயே வரும், அட்டெண்டர் அன்பரசன் எட்டு வருஷமா இதைக் கவனிச்சு வர்றார்னு. உங்க தெருவுல ஒரு கூட்டம் போட்டு நானே வந்து பேசறேன்."

எட்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் எந்தக் காகிதத்திலும் அவன் பெயர் வந்ததில்லை. கெமிக்கல் ரெஜிஸ்டரில்கூட 'அட்டெண்டர்' என்றுதான் இருக்கும். வந்த ஒரே கௌரவம் இப்படியா வர வேண்டும்? கோடவுன் சந்தில், மலர்க்கொடி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, இந்தப் பெண் மைக்கைப் பிடித்து, 'உங்க அன்பு அண்ணாவுக்கு எட்டு வருஷமாவே தெரியும்' என்று சொல்லப்போகிறாள். சந்தே கைதட்டும். மலர்க்கொடி தட்டமாட்டாள். அவள் கணக்குப் போடுவாள், அவன் நடந்துகொண்டே போட்டானே, அதே கணக்கை.

சனிக்கிழமை நாலு பாட்டிலோடு பம்புக்குப் போனான். அங்கே பெனிஷா தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மருமகள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வாழ வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் மளிகைக் கடை வைத்திருக்கிறார். இரண்டாம் மாதம் என்று மலர்க்கொடிதான் சொல்லியிருந்தாள். குடத்தை நகர்த்திவிட்டு, "நீங்க புடிங்கண்ணே" என்று வழிவிட்டாள்.

"இல்லமா, நீ புடி" என்றான். "காச்சித்தான குடிக்கிற?"

"நல்லாக் கொதிக்க வச்சுத்தாண்ணே. மலர் அக்கா சொல்லியிருக்காக."

"அது போதும்" என்றான். அந்த இரண்டு வார்த்தைக்காக ஒருவனைச் செருப்பால் அடிக்கலாம். அடிக்க அங்கே ஆளில்லை. பாட்டில்களைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான். மலர்க்கொடி தூங்கிக்கொண்டிருந்தாள். கேனைச் சாய்த்து நாலு பாட்டிலிலும் கேன் தண்ணீரைப் பிடித்தான். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, கோணல் கையெழுத்தில் ஒவ்வொரு வீட்டு நம்பராக எழுதினான். லேபிள் ஒட்டிப் பழகிய கை அது.

அடுத்த வாரம் உஸ்மா மேடமே வேரை நறுக்கினாள், அவன் ஸ்லைடு போட்டான். அவன் வாழ்நாளில் போட்டதிலேயே சிறந்த ஸ்லைடுகள் அவை. குரோமோசோம் ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் விலகிப் போயிருந்தது. பாலமும் இல்லை, துண்டும் இல்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். எண்ணி எண்ணிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே அண்ணா. ரொம்ப நல்லா இருக்கு. அன்னிக்கு நீங்க காய்ச்சின பாத்திரத்துல எதாவது இருந்திருக்குமா? பழைய மண்ணெண்ணெய்க் குண்டான், அந்த மாதிரி? முதல் வருஷமும் அதுலதான் பிடிச்சிருப்பீங்களோ?"

"இர்க்கும் மேடம்."

"நல்லவேளை, கலெக்டர் ஆபீசுக்குப் போகல. அசிங்கமாப் போயிருக்கும்." அவள் நோட்டை மூடினாள். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்தபடி, "உங்க தெருக்காரங்க அதிர்ஷ்டசாலி" என்றாள். அந்த மாதக் கடைசியில் அவளுக்கு வேறு கல்லூரியில் நிரந்தர வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஸ்லைடுகளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது அட்டெண்டர் வேலை. அதைச் செய்தான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் கேன் தூக்கியதுதான். ஒரு நாள் விடாமல் தூக்கினான். பல் விளக்க, முகம் கழுவ, கீரை அலச, எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர் என்றான். இந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டால் போதும், அப்புறம் எதையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தான். பன்னிரண்டாம் வாரம் போனது. பதினாலாம் வாரம் போனது. ஸ்கேனில் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். மலர்க்கொடிக்குக் கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் அவளே அவன் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "இந்த வாட்டி தங்கிடும்யா. எனக்குத் தெரியுது" என்றாள்.

பதினாறாம் வாரம், மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை கலைந்துபோனது.

ஏன் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியவில்லை. தண்ணீரால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முதல் பத்து வாரத்தில் நடந்ததா, அதற்கு முன்னால் ஒன்பது வருஷமாகச் சேர்ந்ததா, தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்று சொல்ல ஒரு வழிதான் இருந்தது. யாராவது ஒழுங்காகத் தேடியிருக்க வேண்டும். தேட வந்தவளை அன்பரசன் நாலு பாட்டிலில் அடைத்து அனுப்பிவிட்டான்.

தனபாக்கியம் வந்தாள். வார்டு வராந்தாவில் நின்று, உள்ளே படுத்திருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். "இதுக்கு மேல ஒரு ஆம்பள இன்னா பண்ணுவான் சொல்லு? கேன் தண்ணியே வாங்கி ஊத்துனான். வூட்டு வேல பூரா இவன்தான் பாத்தான். அப்பவும் தங்கல. இனிமேலயும் தண்ணி சரியில்ல, காத்து சரியில்லன்னு எவளும் வாயத் தொறக்க முடியாது. அவ ஒடம்புதான். தெரிஞ்சிட்ச்சி."

அன்பரசன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கேன் தண்ணீர் இப்போது சாட்சியாகிவிட்டது. மலர்க்கொடிக்கு எதிரான சாட்சி. அதை அவனே தோளில் சுமந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறான், நாளுக்கொன்றாக.

மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பேப்பரோடு வந்தாள். நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் ரோஸ்மேரி என்று இருந்தது. அவசரமில்லாமல் கேட்கும் நல்ல பெண். கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அன்பரசன் கால்மாட்டில் பையோடு நின்றான்.

"சொந்தத்துல கட்டினதாம்மா?"

"இல்ல சிஸ்டர். அசல்தான்."

"சுகர், தைராய்டு?"

"எல்லாம் பாத்துட்டாங்கோ. ஒண்ணும் இல்ல."

"நாலு தடவை ஆயிருக்கே. பெரிய டாக்டர் எல்லாத்தையும் கேட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. வீடு கம்பெனி ஏதாவது பக்கத்துலயா? தண்ணி எப்படி, போர் தண்ணியா?"

அன்பரசன் பையைக் கீழே வைத்தான். இந்தப் பெண் கேட்டுவிட்டாள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக, எழுதுவதற்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி அதைக் கேட்டுவிட்டாள். ஒரு வார்த்தை போதும். எழுதிக்கொள்வாள், பெரிய டாக்டர் படிப்பார். மலர்க்கொடிக்கும் காதில் விழும். விழட்டும். அவன் வாயைத் திறந்தான்.

மலர்க்கொடி முந்திக்கொண்டாள். "தண்ணியெல்லாம் ஒரு கொறையும் இல்ல சிஸ்டர். கேன் தண்ணிதான். எங்க வூட்டுக்காரரு தினமும் தூக்கிகினு வந்து ஊத்துவாரு, பல்லு வெளக்கக்கூட அதான். அவரு மேல ஒரு குத்தமும் இல்ல." குரல் சாதாரணமாக இருந்தது, விலாசம் சொல்வதைப் போல. "என் ஒடம்புல தங்காது சிஸ்டர். அத்தையே எழுதிக்கங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்து, வாயைத் திறந்தபடி நின்றவனைப் பார்த்தாள். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

மலர்க்கொடியும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. நன்றிதான் இருந்தது.

"ஆட்டோ இட்டாரட்டுமான்னு கேக்க வந்தேன்" என்றான் அன்பரசன்.